ஏழு மணிவரை எதுவும் உண்ணவில்லை

கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த மறு ஆண்டில் என் குடல் எனக்கு அடங்காமற் போனது. தமிழாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று, ஓசூரில் வீட்டுவசதிக் குடியிருப்பில் மகன் குடும்பத்தோடு நானும் என் மனைவியும் வந்து தங்கியிருந்த காலம் அது. மகன் தொழிற்பேட்டையில் வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை பார்த்தான். ஓய்வு பெற்ற எனக்கு நாள்தோறும் தவறாமல் செய்வதற்கென்று ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது: விடியற்காலை ஆறு மணித் திருப்பலி. முப்பத்தைந்து ஆண்டுகளில் பணிமாறுதலால் ஊர்கள் மாறின, ஆலயங்கள் மாறின. அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. நோய் முதலில் கைவைத்தது அதில்தான்.

காணிக்கைப் பாடல் தொடங்கும் வேளையில் அடிவயிற்றில் ஓர் உருளல் எழும். பாடல் முடிவதற்குள் அது கட்டளையாகிவிடும். எழுந்து, தலையைக் குனிந்தவாறு பக்கவாயில் வழியே வெளியேறி, பங்குத்தந்தை இல்லத்தின் பின்புறமுள்ள கழிப்பறைக்கு விரைவேன். நற்கருணை வழங்கும் நேரத்திற்குள் எப்பாடுபட்டேனும் திரும்பிவிடுவேன், அதைத் தவறவிட்டதில்லை. மூன்றாம் வரிசையில் அமர்ந்துவந்தவன் ஏழாம் வரிசைக்குப் போனேன். பிறகு கதவோரத்துக் கடைசி இருக்கைக்குப் போனேன். அந்த ஓராண்டில் பதினோரு கிலோ எடை குறைந்தது. சட்டைக் கழுத்துக்குள் என் கழுத்து தளர்ந்து ஆடியது. ஆயினும் என்னை வருத்தியது மெலிவன்று. ஒரு திருப்பலியைத் தொடக்கம் முதல் இறுதி ஆசி வரை எழாமல் இருந்து காண வேண்டும். அதற்கு மேல் நான் எதையும் வேண்டிக்கொண்டதாக நினைவில்லை.

மாத்திரைகள் உண்டேன். ஓமத்தண்ணீர் குடித்தேன். வாய்வழியே குழாய் இறக்கிப் பார்த்தவர்கள் புண் ஏதும் இல்லை என்றார்கள். இறுதியாக, பெங்களூரிலிருந்து வாரம் இருமுறை ஓசூருக்கு வந்துபோகும் பெண் மருத்துவர் ஒருவரிடம் மகன் அழைத்துச் சென்றான். அவர் கன்னடக்காரர், தமிழைத் தயக்கமின்றித் தம் விருப்பப்படி பேசுவார். என் நாக்கையும் நகங்களையும் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

“மருந்து சாப்பிட்டு சாப்பிட்டு டயர்ட் ஆயிட்டீங்க சார். கள்ளன் உங்க தட்டுலயே இருக்கான். எல்லாரையும் வெளிய அனுப்பிடலாம். அப்புறம் ஒவ்வொருத்தனா உள்ள கூப்பிட்டுப் பாக்கலாம். எவன் வந்தா வயிறு கெடுதோ, அவன்தான். ஆயித்தா?”

நான்கு வாரங்களுக்குப் பால், தயிர், மோர், கோதுமை, பருப்பு வகைகள், நிலக்கடலை, முட்டை, தக்காளி, புளி ஆகிய எதுவும் கூடாது. அரிசி உண்டு, கேழ்வரகு உண்டு, சுரைக்காய், பூசணி, புடலை உண்டு, உப்பும் நல்லெண்ணெயும் உண்டு. இத்துடன் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

“வாய்க்குள்ள போறது எல்லாமே எழுதணும் சார். ஒரு பாக்கு போட்டாக்கூட எழுதணும். பொய் சொன்னா எனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல, உங்களுக்குத்தான்.”

பொய் எழுதும் வழக்கம் எனக்கில்லை என்றேன். அவர் சிரித்தார்.

எண்பது பக்கக் குறிப்பேடு ஒன்று வாங்கி, அளவுகோல் வைத்துக் கோடிட்டேன். வேளை, உண்டது, அளவு, உடல்நிலை என நான்கு பத்திகள். ஒவ்வொரு நாளின் முதல் வரியும் ஒன்றுபோலவே அமைந்தது: ‘காலை ஏழு மணிவரை எதுவும் உண்ணவில்லை.’ நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் வெறும் வயிறாக இருந்தால் போதும் என்று திருச்சபை தளர்த்தி நெடுங்காலமாகிறது. நான் பழைய ஒழுங்கையே கடைப்பிடித்தேன். திருப்பலி முடிந்து வீடு திரும்பும்வரை தண்ணீரும் பருகுவதில்லை. ஆகவே அந்த வரியை எழுதும்போது எனக்குச் சற்று நிறைவுகூட இருந்தது.

துன்பப்பட்டவள் என் மனைவி. அடுப்பில் இரண்டு சமையல் நடந்தது. வீட்டார்க்கு ஒன்று, எனக்கு, எதுவுமே சேராத ஒன்று. இரண்டாம் வாரத்திலேயே அவளுடைய பொறுமை கரையத் தொடங்கியது.

“பருப்பில்லாத கொழம்பு, தக்காளியில்லாத ரசம், பாலில்லாத காப்பி. அடுத்த வாரம் அரிசியில்லாத சோறு ஆக்கச் சொல்லுவாங்களா உங்க டாக்டரம்மா?”

“இன்னும் இரண்டு வாரம்தானே.”

“உங்களுக்கு ரெண்டு வாரம். எனக்கு வேளைக்கு வேளை. ராயக்கோட்டத் தக்காளி வாசல்ல கூட கூடயா போவுது, நான் பூசணிக்காயப் பாத்துக்கினு நிக்கிறேன்.”

வேகவைத்த சுரைக்காயின் சுவை எத்தகையது என்று எவரேனும் கேட்டால், அது சுவையின் இன்மை என்பேன். களியைத் தொட்டுக்கொள்ள ஏதுமின்றி, உப்பிட்ட கீரைத் தண்ணீரில் விழுங்கினேன். உண்பது வேலையாயிற்று, உண்டதை எழுதுவது அடுத்த வேலையாயிற்று. மாலையில் குறிப்பேட்டைத் திறந்தால், அதே சோறு, அதே புடலை, அதே ‘வயிற்று உப்பல், இருமுறை’. படித்துப் பார்க்கவே சோர்வாக இருந்தது.

சிறிது நலம் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாளுக்கு ஆறுமுறை என்பது மூன்றுமுறை ஆனது. ஆனால் அதற்குமேல் இறங்கவில்லை. காணிக்கைப் பாடலும் அடிவயிற்று உருளலும் பிரிய மறுத்தன. நான்காம் வார இறுதியில் மருத்துவர் குறிப்பேட்டைப் புரட்டி, நெற்றியைச் சுருக்கினார்.

“ஒருத்தன் இன்னும் உள்ளேயே இருக்கான் சார்.”

அவனை முதலில் கண்டுபிடித்தவள் என் மருமகள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். எந்தப் பொட்டலத்தையும் பின்புறம் திருப்பிப் படிக்காமல் வைக்கமாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல், அடுப்பருகே இருந்த பெருங்காய டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அத்த, இங்க பாருங்களேன். இதுல மைதாலா போட்டிருக்கு!”

“பெருங்காயத்துல மைதாவா? போம்மா.”

“நெசமாத்தான். பெருங்காயத்தக் காட்டிலும் மைதாதான் முன்னால போட்டிருக்கு. மாமா, நீங்களே வாசிங்க.”

வாசித்தேன். எறும்பளவு எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது, உண்மைதான். என் மனைவி கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். வயிற்றுக்கு நல்லது என்று, அந்த நான்கு வாரமும் வழக்கத்தைவிட இருமடங்கு பெருங்காயத்தைக் குழம்பிலும் ரசத்திலும் இட்டவள் அவள். வெந்நீரில் கரைத்தும் இரண்டு வேளை கொடுத்தாள். குறிப்பேட்டில் ‘பெருங்காய நீர், அரைக் குவளை’ என்று நானே எழுதியிருக்கிறேன், மருந்தென்று கருதி.

“நான் வைத்தியம் பண்றதா நெனச்சிக்கினு இருந்தேன்,” என்றாள் அவள். பிறகு டப்பாவைக் குப்பைக் கூடையில் போடாமல், வெளியே சென்று தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

அதன் பிறகு இன்னும் நலம் தெரிந்தது. மருத்துவர் சொற்படி விலக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப அழைத்தோம். பால் வந்தது; கெடுதி செய்யவில்லை. புளி வந்தது, பருப்பு வந்தது, என் மனைவி அன்று சாம்பார் வைத்து வீடு முழுவதும் மணக்கச் செய்தாள். முட்டையும் கடலையும் தக்காளியும் குற்றமற்றவை ஆயின. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நாள் காத்திருக்க வேண்டியிருந்ததால் இதற்கே இரண்டு மாதம் ஓடிப்போயிற்று. எஞ்சியது கோதுமை மட்டுமே. அதை நான் தொடவேயில்லை. ஆயினும் வாரத்தில் மூன்று நான்கு நாள் திருப்பலியின் நடுவே எழுந்தோடும் நிலை நீங்கவில்லை.

“கோதுமைதான் சார், எனக்கு சந்தேகமே இல்ல,” என்றார் மருத்துவர். “ஆனா எங்கயோ கொஞ்சம் கொஞ்சம் உள்ள போகுது. நீங்க எழுதாதது ஏதாவது இருக்கா?”

“ஒன்றுமில்லை,” என்றேன். குரலில் சற்றே மனத்தாங்கல் இருந்திருக்கும்.

அவர் பக்கங்களைத் தள்ளினார். “ஏழு மணிவரை எதுவும் உண்ணவில்லை. டெய்லி இதே எழுதியிருக்கீங்க. எழுந்ததும் காபி கூட இல்லையா?”

“இல்லை. ஆலயத்துக்குப் போவதால் வெறும் வயிறு.”

“ஒள்ளேது,” என்று நல்லதைக் கன்னடத்தில் சொல்லிக் குறிப்பேட்டை மூடினார். கடைகளில் வாங்கும் மிளகாய்த்தூளைக்கூட நிறுத்திவிட்டு வீட்டிலேயே அரைக்கச் சொன்னார். என் மனைவி கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஓய்வூதியர் நேர்காணலுக்காகக் கிருஷ்ணகிரி செல்லவேண்டியிருந்தது. எங்கள் கோயிற்பிள்ளை, அதாவது பலிபீடத்துக்கு வேண்டியவற்றை எடுத்துவைத்து மணியடிக்கும் பணியாளர், என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்தார். அவர் ஓசூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, கோயிலில் தமிழ், என்னிடம் கேலி.

“வாத்தியாரே, சும்மாதான வரப்போறீங்க. கன்னியர் மடத்துல அப்பம் ரெடியா இருக்குதாம், வாங்கியாந்துடுங்க. பஸ்ஸுல மேல வெச்சிடாதீங்க, ஒடஞ்சி போயிடும். மடியில வெச்சிக்கினு வரணும்.”

திருப்பலிக்குரிய அப்பங்களைச் சுற்றியுள்ள பங்குகளுக்கெல்லாம் அந்த மடத்தில்தான் செய்துகொடுத்தார்கள். செய்யும் அறையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. புத்தகம்போல் திறந்து மூடும் இரும்பு அச்சு ஒன்றில், முதிய அருட்சகோதரி ஒருவர் நீர்த்த மாவை ஊற்றி மூடினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. திறந்தபோது தாள்போல் மெல்லிய வெண்தகடு ஒன்று வந்தது. ஈரத்துணியில் பதப்படுத்திய தகடுகளை இன்னொருவர் வட்டக்குழாயால் வெட்டிக்கொண்டிருந்தார். வட்டங்கள் ஒரு பெட்டியில் விழுந்தன. வெட்டியது போக மீந்த ஓரங்கள் ஒரு தாம்பாளத்தில் குவிந்தன.

“இந்தத் தடவ மைதா சரியா அமையல ஐயா,” என்றார் முதியவர், பொட்டலத்தைக் கட்டியவாறு. “சுட்டதும் வெடிச்சுப் போகுது. ஃபாதர்கிட்ட கொஞ்சம் சொல்லிடுங்க.” பிறகு தாம்பாளத்திலிருந்து ஒரு கை ஓரத்துண்டுகளை அள்ளிக் காகிதத்தில் வைத்து நீட்டினார். “பஸ்ஸுல கொறிச்சுக்கிட்டே போங்க. பிள்ளைங்கன்னா இதுக்குச் சண்டையே போடுவாங்க.”

“வேண்டாம் சகோதரி,” என்றேன். “கோதுமை எனக்கு ஆகாது. மருத்துவர் முற்றிலும் விலக்கியிருக்கிறார். ஒரு துணுக்குகூட நான் சேர்ப்பதில்லை.”

அவர் இரக்கத்தோடு தலையசைத்தார். பிறகு, எவ்விதக் கள்ளமுமின்றி, கட்டிய பொட்டலத்தை என் கையில் வைத்தபடியே கேட்டார்:

“அடப் பாவமே. அப்ப நன்மை வாங்கறதில்லையா ஐயா?”

அர்ச்சித்த அப்பத்தை நாவில் பெறும் நற்கருணையை எங்கள் மக்கள் வழங்கும் பெயர் அது. கையில் இருந்த பொட்டலம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். சாலையோரத்து மாங்கூழ் ஆலைகள் போயின, சூளகிரி போயிற்று, நடத்துநர் இருமுறை கேட்ட பிறகே பயணச்சீட்டு வாங்கினேன். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தியவன் நான். குருவானவரின் அர்ச்சிப்பின்போது அப்பத்தின் உட்பொருள் ஆண்டவரின் உடலாக மாறுகிறது. நிறம், மணம், சுவை, எடை ஆகிய தோற்றங்கள் மாறுவதில்லை என்று எத்தனை தலைமுறைக்குச் சொல்லியிருக்கிறேன். நிறமும் சுவையும் மாறாது என்று சொன்னவனுக்கு, மாவின் தீங்கும் மாறாது என்பது ஒருநாளும் தோன்றவில்லை. கிறித்தவர் அல்லாத மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. கிறித்தவர்களாகிய எங்களுக்கோ அதை உணவென்று எண்ண வழியில்லை. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்த வீட்டில், மிளகாயை வீட்டிலேயே அரைத்த வீட்டில், நாள்தோறும் நான் விழுங்கிவந்த கோதுமையை ஒருவரும் காணவில்லை. குறிப்பேட்டின் முதல் வரி ஒவ்வொரு நாளும் பொய்யாக இருந்திருக்கிறது. எழுதியவன் அதைப் பெருமையோடு எழுதியிருக்கிறான்.

மறுநாள் காலை எல்லாரும் நன்மை வாங்க எழுந்து வரிசையில் சென்றபோது நான் இருக்கையிலேயே இருந்தேன்.

வெளியார்க்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். எங்களிடையே அப்படியன்று. நாள்தோறும் நன்மை வாங்கும் ஒருவர் திடீரென வாங்காதிருந்தால், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத் துணியாத ஏதோ ஒன்று அவரிடம் இருக்கிறது என்று பொருள். அல்லது எவரோடோ தீராத பகை என்று பொருள். கடைசி வரிசையில் இருந்ததால் முதல் இரண்டு நாள் எவரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கோயிற்பிள்ளை பார்த்துவிட்டார்.

“இன்னா வாத்தியாரே, சாமிகூட டூ விட்டுட்டீங்களா?”

“ஒன்றுமில்லையப்பா.”

“ஒண்ணுமில்லாதவரு ஒக்காந்துக்கினே இருப்பாரா? வூட்ல அம்மாகூட சண்டன்னா சொல்லுங்க, நான் வந்து பஞ்சாயத்து பண்றேன்.”

பெண்கள் பக்கத்தில் அமரும் என் மனைவிக்கு அவள் தோழியர் வாயிலாகச் செய்தி போயிற்று. வீட்டுக்கு வந்ததும் முந்தானையைத் தலையிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

“எதுக்கு நன்மைக்குப் போகல?”

சொன்னேன். மடம், அச்சு, மைதா, ஓரத்துண்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள்.

“அப்போ நன்மை வாங்குனதாலதான் சீக்குன்னு சொல்றீங்களா?”

“நற்கருணையால் அன்று. கோதுமையால்.”

“அது கோதுமையில்ல. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீங்கதான எல்லாருக்கும் சொல்லிக்கினு இருக்கீங்க, அது கோதுமையில்லன்னு.”

விளக்கம் சொல்ல எனக்குத் தெரியும். சொல்லும் வலிமை அன்று இல்லை. “பதினைந்து நாள் பார்ப்போம்,” என்று மட்டும் சொன்னேன். அவள் அன்றே ஒன்பது நாள் மன்றாட்டு ஒன்றைத் தொடங்கினாள். எதற்காக என்று நான் கேட்கவில்லை. நான் நலமடையக் கூடாது என்று அவள் வேண்டியிருக்கமாட்டாள். ஆனால் என் ஐயம் பொய்யாக வேண்டும் என்று வேண்டியிருப்பாள்.

பன்னிரண்டாம் நாள் காணிக்கைப் பாடல் தொடங்கியது. அடிவயிறு அசையவில்லை. பாடல் முடிந்தது; அர்ச்சிப்பு முடிந்தது; வரிசை எழுந்தது, போயிற்று, திரும்பிற்று. இறுதி ஆசி வரை ஒருமுறையும் எழவில்லை. ஓராண்டாக நான் வேண்டியது அதுதான், வேண்டியபடியே கிடைத்தது. வெளியே வந்து படிக்கட்டில் செருப்பைத் தேடும்போது, மகிழ வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பதோடு நின்றுவிட்டது.

உறுதி செய்ய ஒருமுறை கோதுமையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். நற்கருணையை வாங்கியே பார்த்துவிடலாம் என்றும் ஒரு கணம் எண்ணினேன். ஆண்டவரைப் பரிசோதனைக்காக நாவில் ஏற்க மனம் ஒப்பவில்லை. ஆகவே மனைவியிடம் சப்பாத்தி சுடச் சொன்னேன். அவள் மிகுந்த கவனத்தோடு மாவு பிசைந்தாள். நெய் தடவி, உருளைக்கிழங்குக் குருமாவோடு மூன்றைத் தட்டில் வைத்தாள். ஐந்து மாதத்திற்குப் பின் உண்ட சப்பாத்தி. அதன் சுவையை மறைக்க விரும்பவில்லை. நான் நான்காவதும் கேட்டேன்.

“ஒண்ணும் ஆகாது பாருங்க,” என்றாள் அவள்.

மறுநாள் ஆலயத்துக்கே போக இயலவில்லை. அதற்கு மறுநாளும் இயலவில்லை. அவள் தோசைக்கல்லின் பக்கத்திலிருந்த சப்பாத்திக் கட்டையைக் கழுவித் துடைத்து, பரணில் ஏற்றி வைத்தாள்.

மருத்துவருக்கு மகிழ்ச்சி. “சிக்கிட்டான் பாருங்க கள்ளன்!” என்று மேசையைத் தட்டினார். இனி வாழ்நாள் முழுவதும் கோதுமை கூடாது என்றார். நான் அப்பத்தைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு பெரிது என்று கேட்டார். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது என்று காட்டினேன்.

“அஷ்டு, அவ்வளவு சின்னதா? தினமுமா?”

“முப்பத்தைந்து ஆண்டுகளாக.”

அவர் சிரிக்கவில்லை. “சார், உங்க சாமி விஷயம், நான் பேசக்கூடாது. ஆனா உங்க குடலுக்கு சாமி தெரியாது. கோதுமைதான் தெரியும். கால் துண்டுகூட வேண்டாம்.”

பங்குத்தந்தை இளைஞர். திருவுடை அறையில் அவரைத் தனியே கண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அவர் அமரச் சொன்னார்.

“அரிசி மாவில் செய்த அப்பத்தை அர்ச்சிக்க இயலுமா, சாமி?” என்று கேட்டேன். விடை எனக்குத் தெரியும். ஆயினும் கேட்டேன்.

“இல்லங்க ஐயா. கோதுமை தவிர வேற எதுவும் செல்லாது. உங்களுக்கே தெரியும்.” நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். “ஆனா, திராட்சை இரசம் மட்டும் வாங்கலாம். அப்பத்துல எவ்வளவு நிறைவோ, இரசத்துலயும் அவ்வளவு நிறைவு. ஆயர்கிட்ட அனுமதி கேக்கணும், கேக்கறேன். என் கிண்ணத்துல இருந்து குடுக்க முடியாது. அப்பத்துண்டு ஒண்ணப் பிட்டு அதுல போட்டிருவோம் இல்லையா? தனியா ஒரு சின்னக் கிண்ணம் வைக்கணும்.”

கடிதம் போயிற்று. விடை வர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் முழுத் திருப்பலியையும் அமர்ந்தபடியே கண்டேன். வரிசை என்னைக் கடந்து சென்றது. என் மனைவி தோழியரிடம் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள். சிலர் நம்பினார்கள். ஒருவர், “கோதுமை ஆகலன்னா ஜெபம் பண்ணி வாங்குனா சரியாப் போயிடும்,” என்று என்னிடமே சொன்னார். என் நம்பிக்கையின் அளவு என் குடலால் அளக்கப்பட்டது. உடல் தேறிக்கொண்டிருந்தாலும் பேச்சில் எனக்கு ஊக்கமில்லாத காலம் அது.

அனுமதி வந்த வாரம், வரிசையின் கடைசியில் போய் நின்றேன். பங்குத்தந்தை சிறிய கிண்ணத்தை நீட்டினார். இரசம் நாவில் சற்றே துவர்த்தது, பிறகு இனித்தது. திரும்பி வந்து முழந்தாளிட்டேன். அழுவேன் என்று எதிர்பார்த்தேன். முழங்கால் வலித்தது, அவ்வளவே. ஆனால் அந்த வலியோடு நெடுநேரம் இருக்க முடிந்தது. எழுந்தோட வேண்டியிருக்கவில்லை.

வெளியே கோயிற்பிள்ளையும் இன்னும் இருவரும் காத்திருந்தார்கள்.

“பெரியவருக்கு மட்டும் ரசம்!” என்றார் கோயிற்பிள்ளை. “எனக்கும் கோதுமை ஆகலன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க வாத்தியாரே. நல்ல தமிழ்ல எழுதுனா ஆயரு ஒத்துக்குவாரு.”

“ஒனக்குக் கோதுமை ஆவும், வேலதான் ஆவாது,” என்றார் இருவரில் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக என் மனைவி பிறகு சொன்னாள்.

அன்று குறிப்பேட்டை எடுத்தேன். அப்பத்தை வாங்கிய நாள்களில் நான் எழுதிய முதல் வரிகளை ஒவ்வொன்றாக அடிக்கலாமா என்று எண்ணி, சில பக்கங்களைப் புரட்டிவிட்டு மூடிவைத்தேன். திருத்தினால் அந்த இடத்தில் என்ன எழுதுவது? ‘உண்டேன்’ என்று எழுத எனக்கு அப்போதும் கை வரவில்லை.

மறு ஆண்டு மே மாதத்தில் அந்த இளைய தந்தைக்குப் பணிமாறுதல் வந்தது. புதியவர் வயதில் மூத்தவர். கண்டிப்பானவர் என்று பேச்சு. அவர் வந்த முதல் வாரநாள் காலையில் ஐந்தரைக்கே போய், திருவுடை அறை வாயிலில் நின்றேன். ஆயரின் கடிதம் பையில் இருந்தது. மடத்திலிருந்து தொடங்குவதா, மருத்துவரிலிருந்து தொடங்குவதா என்று சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். இனி ஒவ்வொரு மாறுதலின்போதும் இப்படி ஒரு வாயிலில் நின்று என் குடலின் வரலாற்றைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியபோது, தொடங்குவதற்கு முன்பே அலுத்துப்போயிற்று.

கதவைத் திறந்துகொண்டு கோயிற்பிள்ளை வெளியே வந்தார். கையிலிருந்த தட்டில் பெரிய கிண்ணம் இருந்தது. அதன் அருகே, வெள்ளைத் துணியால் மூடிய சிறிய கிண்ணமும் இருந்தது.

“இங்க இன்னா வேல ஒங்களுக்கு?”

“சாமியிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும்.”

“அதெல்லாம் நேத்தே சொல்லிட்டேன். சின்னது எதுக்குன்னு கேட்டாரு, வாத்தியாருக்குன்னேன்.” என்னைத் தாண்டிப் பலிபீடத்தை நோக்கி நடந்தார். “போய் ஒக்காருங்க வாத்தியாரே, மணியடிக்கப் போறேன்.”

கடிதத்தைப் பையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். மூன்றாம் வரிசையில் இடமிருந்தது. அமர்ந்தேன்.